அம்சவல்லி கொண்டுவந்த வாசனை

மண்ணூர் மீனம்மாள் எசென்ஸ் கம்பெனி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் வருஷக் காலண்டரில் தன் வரலாற்றை அச்சடித்திருந்தது. முதலாளி ராஜசேகர் தன் அம்மா பெயரில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, கலர் சோடாவுக்கு ஆரஞ்சு எசென்ஸ் கலக்க ஆரம்பித்தாராம். பிறகு பிஸ்கட்டுக்கு வாழைப்பழம், ஊதுபத்திக்கு ரோஜா, இப்போது சோப்புக்கு மல்லி. மாலையும் கழுத்துமாக முதலாளி படம் பாதித் தாளை அடைத்துக்கொண்டிருந்தது. ஆரம்பத்திலிருந்தே அங்கே கலக்குகிற அம்சவல்லிக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வரலாறு முழுவதும் வாசனையாக அவள் புடவையில் ஏறி பென்னலூர் வீட்டுக்கு வந்திருக்கிறது, அதைப் படித்தவன் அவள் புருஷன் கன்னியப்பன்.

கல்யாணமான புதிதில் அவள் சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி வரும்போது அவன் வாசல் படலண்டை நிற்பான். அவள் வாயைத் திறக்கக் கூடாது. கிட்டே வந்ததும் கண்ணை மூடி மூக்கை உறிஞ்சி, "ஆரஞ்சு" என்பான். அந்த வருஷம் தினமும் ஆரஞ்சுதான், அதைச் சொல்ல எதற்குக் கண்ணை மூட வேண்டும்? ஆனாலும் மூடுவான். பிறகு வாழைப்பழம் வந்தது, ரோஜா வந்தது. ஒருநாளும் அவன் தப்பாகச் சொன்னதில்லை. வேலை செய்த களைப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும் அவளுக்கு.

அப்புறம் அவன் டிரைவர் வேலைக்குக் குவைத் போனான். போன ஆடியில் அங்கே சண்டை மூண்டு, கையில் ஒரு பையோடு பாலைவனத்தைத் தாண்டி, ஒரு முகாமில் ஜுரமாகக் கிடந்து, ஐப்பசியில் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தான். உயிரோடு வந்தானே என்று எல்லாச் சாமிக்கும் கற்பூரம் ஏற்றினாள். பிறகு அவள் ஆசையெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய் நின்றது.

அது வரவில்லை. சாயங்காலம் படலண்டை நிற்பான், பையை வாங்கிக்கொள்வான், சாப்பிட்டாயா என்பான். அவ்வளவுதான். அவள் வேண்டுமென்றே இன்னும் கிட்டே வந்து நிற்பாள். அவன் நகர்ந்துகொள்வான். குழம்பு நன்றாயிருக்கிறது என்பதுகூட இல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவான். மார்கழி போயிற்று, தையும் போயிற்று. தன்மேல் இருந்த பிரியத்தைக் கடல் தாண்டி எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். யாரிடம் சொல்லி அழுவது? புருஷன் என்னை மோந்து பார்ப்பதில்லை என்று சொன்னால் ஊர் சிரிக்காதா?

கம்பெனியில் நாத்த முறை என்று ஒன்று உண்டு. மல்லியில் சேர்க்க இண்டோல் என்று ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. அது சிட்டிகை விழாவிட்டால் மல்லி வெறும் காகிதப் பூ. ஆனால் டப்பாவைத் திறந்தால் செத்த எலியும் சாக்கடையும் சேர்ந்து எழுந்து வரும். துணியில் பட்டால் லேசில் போகாது. அதனால் அதை எடை போடுவதைப் பெண்கள் முறை வைத்துச் செய்வார்கள். யார் முறையோ அவளுக்கு அன்றைக்கு ஒரு சோப்பு தருவார்கள், பஸ்ஸில் அவளுக்குக் கடைசி சீட்டு.

மாசியில் ஒருநாள் அது ஜாஸ்மின் என்ற பெண்ணின் முறை. அம்சவல்லி தானே போய் சூப்பர்வைசர் லீலாவிடம் அதைக் கேட்டு வாங்கினாள். லீலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவளுக்கு என்ன கணக்கென்றால், நல்ல வாசனைக்குத் திறக்காத வாய் நாற்றத்துக்காவது திறக்கட்டும். சீ என்று ஒரு வார்த்தை திட்டட்டும், அதுகூடப் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டாள் பாவி. எடை போட்ட கையை முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை எட்ட நின்று நீட்டினான். பென்னலூரில் இறங்கித் தெருவில் நடந்தபோது, வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் சின்னப்பொண்ணு, "எங்கியோ எலி செத்துகீதுடா, கூரைய பாரு" என்று மகனை விரட்டினாள்.

கன்னியப்பன் படலண்டைதான் நின்றான். அம்சவல்லி நேரே போய் அவன் முகத்துக்கு முன்னால் நின்றாள்.

"இன்னிக்கு இன்னா வாசனை, சொல்லு" என்றாள்.

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். பிறகு பழையபடி கண்ணை மூடி மூச்சை இழுத்து, "ரோஜா" என்றான்.

கேலி செய்கிறான் என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்ணைத் திறந்தவன் முகத்தைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. சொன்னது சரியா தப்பா என்று பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, ரோஜாதான்" என்றாள்.

அவன் சிரிக்கப் போனான். அதற்குள் சின்னப்பொண்ணு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, நாற்றம் மருமகள் மேல்தான் என்று கண்டுபிடித்து, குளிக்காமல் உள்ளே வராதே என்று கத்திவிட்டுப் போனாள். கன்னியப்பன் அம்மா போன பக்கத்தையே பார்த்தான்.

"அந்த முகாம் ஜுரத்தோட போயிடுச்சி" என்றான் கடைசியில். "கொயம்பு, பீடி, மழை, எதோட வாசனையும் தெரியல. திரும்பிடும் திரும்பிடும்னு பாத்துகினே கீறேன். நீ தெனமும் வந்து நிக்கிற. ஆனா நீ வூட்டுக்கு வந்த மாதிரியே இல்ல, அம்சா. நான் குவைத்ல இருந்தப்ப எப்பிடியோ, அப்பிடியே கீது."

இத்தனை மாதம் தான் மட்டும்தான் ஏங்குகிறோம் என்று நினைத்திருந்தாளே, அதை எண்ணி அவளுக்கு வெட்கமாக இருந்தது. கீற்று மறைப்புக்குள் போய் கம்பெனி சோப்பு கரையும் மட்டும் தேய்த்துக் குளித்தாள். அழுததும் அங்கேதான்.

மறுநாள் கம்பெனியில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஆரஞ்சு ஓடியது. சாயங்காலம் அவள் கையைக் கழுவாமல் பஸ் ஏறினாள். வழியெல்லாம் உள்ளங்கை கல்யாணமான வருஷத்து மணத்தோடு இருந்தது. படலண்டை வந்ததும் அந்தக் கையை அவன் மூக்கருகே வைத்து, "ஆரஞ்சு" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சு நிரம்ப இழுத்தான்.

"ஒண்ணும் வரல" என்றான், கையை விடாமல். "நாளைக்கும் சொல்லு."