சோபாவுக்கு ஐந்து சிரிப்பு

படம் வெளிவருமுன் போட்டுப் பார்க்கும் தியேட்டரில், தயாரிப்பாளரான முதலாளியின் வலது கையில் ஓர் எண்ணும் கருவி இருந்தது. கூட்டம் நுழையும் வாசல்களில் ஆள் கணக்கெடுக்கக் கட்டைவிரலால் அமுக்குவார்களே, அதுதான். அவர் அதை வைத்துச் சிரிப்புகளை எண்ணுவார். பன்னிரண்டு நகைச்சுவைப் படங்களை எழுதி இயக்கிய டைரக்டர் பக்கத்து நாற்காலியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப்போல முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தார்.

படிக்கட்டில் உருளும் காட்சிக்கு ஒன்பது டிக். மாமனார் தலையில் பெயின்ட் கொட்டும் காட்சிக்குப் பதினான்கு. பிறகு சோபா காட்சி வந்தது. மூன்று நிமிடம் நாற்பது வினாடி, ஒரு டிக்கூட இல்லை. நடுவில் யாரோ இருமினார்கள். முதலாளியின் விரல் துடித்து, நியாயம் கருதி அடங்கியது.

காட்சி இவ்வளவுதான். ஒரு மனிதர் தெருவே பார்க்க, பெரிய சோபா ஒன்றை வாங்கி வருகிறார். அது வாசலில் நுழைய மாட்டேன் என்கிறது. சாய்த்தாலும் நிமிர்த்தினாலும் நுழையவில்லை. கடைசியில் வெளியிலேயே போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்தே இதுதான் திட்டம் என்பதுபோலப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தலையசைக்கிறார். மழை தூறுகிறது. அப்போதும் எழவில்லை. வசனமே கிடையாது. பதினோரு படங்களில் கதாநாயகனின் பேண்ட்டைக் கிழித்தே பெயர் வாங்கிய டைரக்டர், பேண்ட் கிழியாமல் ஒரு தடவையாவது சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று தன் ஆசைக்கு வைத்த ஒரே காட்சி.

விளக்கு எரிந்ததும் முதலாளி சொன்னார்: "சோபாவைத் தூக்கிடலாம். மெஷின் பொய் சொல்லாது."

"சார், இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாரும் ஏற்கெனவே கதை கேட்டவங்க."

அதுதான் விஷயம். படம் தொடங்குமுன் கதை சொல்லியாக வேண்டும். டைரக்டர் முதலாளிக்குச் சொன்னார். முதலாளியின் மனைவிக்கு, ஹீரோவுக்கு, ஹீரோவின் உடற்பயிற்சி ஆசிரியருக்கு, ஹீரோ வரத் தாமதமான நாட்களில் அவருடைய டிரைவருக்கு. ஒவ்வொரு தடவையும் சோபாவில் உட்கார்ந்து நடித்தே காட்டினார். அப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள், இருந்த சிரிப்பையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வெறும் வாயோடு படம் பார்க்க வந்திருந்தார்கள்.

"கதை தெரியாத ஆளைக் கூட்டிட்டு வரேன் சார்."

"வெளி ஆளா? கதை கசிஞ்சிடும்," என்றார் முதலாளி, பாதி ஊர் கேட்ட கதையைப் பற்றி. "குடும்பத்து ஆளா இருந்தா சரி. வியாழக்கிழமை மறுபடி போடுவோம். சோபாவுக்கு அஞ்சு டிக் விழணும். இல்லைன்னா கத்தரிதான்."

டைரக்டரின் குடும்பத்தில் கதை கேட்காதவர் ஒரே ஒருவர், அவர் மனைவியின் அண்ணன். பெரிய அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. காரணம் ஒரு சோபா. அவர் வாங்கியது அவர் வாசலில் நுழையவில்லை. "காத்தாட இருக்கட்டும்னுதான் வெளிய போடச் சொன்னேன்" என்று அவர் கம்பீரமாக விளக்கிக்கொண்டிருந்தபோது டைரக்டர் சிரித்துத் தொலைத்துவிட்டார்.

"எங்க அண்ணனோட சோபாவை எங்க அண்ணனுக்கே காட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"அவரைத் தவிர எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"என்கிட்டயே ஏழு தடவை. ஏழாவது தடவை நான் பல்லு விளக்கிட்டிருந்தேன்."

ஆனாலும் அவள்தான் போன் செய்தாள்.

வியாழக்கிழமை மச்சான் சலவைச் சட்டையில், தங்கையோடு வந்து இறங்கினார். "பன்னிரண்டு படத்துக்கு அப்புறம்தான் என் ஞாபகம் வந்துதா மாப்பிள்ளை?"

படிக்கட்டில் உருண்டதற்கு அவர் சிரிக்கவில்லை. பெயின்ட் கொட்டியதும், "நல்ல பெயின்ட், பாழாப் போகுது," என்றார். சோபா வந்தது. டைரக்டர் திரையைப் பார்க்கவில்லை, மச்சான் முகத்தையே பார்த்தார். அந்த மனிதர் கால்மேல் கால் போட்டதும் மச்சானிடமிருந்து ஒரு செருமல். முதல் தலையசைப்புக்குத் தோள் குலுங்கியது. மழை தூறியபோது முன்நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து டிரைவர் சிரித்தார், உடற்பயிற்சி ஆசிரியர் சிரித்தார். கருவி பதினேழில் வந்து நின்றது.

"இப்படியும் ஒரு ஜென்மமா மாப்பிள்ளை?" மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நுழையலைன்னா நுழையலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

மனைவி கூரையைப் பார்த்தாள். டைரக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். இன்னொரு ஆறு வருடம் தாங்காது.

"காட்சி இருக்கட்டும்," என்றார் முதலாளி. "சாரை மாதிரி ரசிகர்தான் நமக்கு வேணும். வேற ஏதாவது தோணுதா சார்?"

முப்பது வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? மச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒரே ஒரு குறை. அந்த ஆள் ஏன் வெளிய உட்கார்ந்திருக்கார்னு ஜனங்களுக்குப் புரியணும். 'காத்தாட இருக்கட்டும்னுதான் வெளிய போட்டேன்'னு அவர் வாயாலேயே ஒரு வசனம் வெச்சா?" முகத்தில் துளி சந்தேகமில்லை, புதிதாகக் கண்டுபிடித்தவரின் பெருமிதம்தான் இருந்தது.

"பிரமாதம். அந்தப் பக்கம் எத்தனை பேர் கடந்து போறாங்க டைரக்டர்?"

"ஒன்பது பேர். ஆனா சார், அவர் பேசாம இருக்கிறதுதான்..."

"ஒன்பது தடவையும் சொல்லட்டும். பதினேழு டிக் வாங்கிக் கொடுத்தவர் சொல்றார். உங்களைவிட அவருக்குத் தெரியும்."

அடுத்த வாரம் ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், நடிகர் ஆறாவது தடவையாக, 'காத்தாட இருக்கட்டும்னுதான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். மைக் அருகில் மச்சான், "இன்னும் கொஞ்சம் கம்பீரமா தம்பி," என்று திருத்தினார். வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீள சோபா. அதில் டைரக்டர்.

அந்த வழியே போன எடிட்டர் நின்றார். "என்ன சார், உள்ள வேலை நடக்குது, நீங்க இங்க?"

டைரக்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "உள்ள ஏசி ஜாஸ்தி," என்று சொல்லி, மெல்லத் தலையசைத்தார்.