இருபது தப்படிக்குள் ஒரு கேக்

மகோவாவின் அக்கா மகளுக்கு முதல் பிறந்தநாள். கவாய் தீவில் முதல் பிறந்தநாள் என்பது கல்யாணத்தைவிட ஒரு படி மேல். கல்யாணத்தையாவது இன்னொரு தடவை செய்துகொள்ளலாம். இருநூறு பேருக்கு அழைப்பு. அக்கா நோஹேயா காலையிலேயே கடற்கரையில் கூடாரம் போட்டு, மூன்று நாள் தூங்காமல் செய்த நாலடுக்குத் தேங்காய்ப்பால் கேக்கை மேசையில் ஏற்றிவிட்டு, பன்றிக்கறி இறக்க வண்டிக்குப் போனாள்.

திரும்பி வருவதற்குள் முதல் விருந்தாளி மேசைக்குச் சற்றுத் தள்ளி வந்து படுத்துவிட்டது. இருநூறு கிலோ எடையுள்ள கடல்நாய். கடல்நாய்க் காவல் தொண்டர்கள் அதற்கு வைத்த பெயர் மோமோனா. கொழுகொழு என்று அர்த்தம்.

மகோவாவும் ஒரு தொண்டன்தான். கடல்நாய் கரையேறித் தூங்கினால் சுற்றிலும் ஐம்பது அடிக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, அது தானாக எழுந்து போகும்வரை யாரும் நெருங்காமல் காவல் இருப்பது அவன் வேலை. மூன்று வருடத்தில் இரண்டு யோகா வகுப்புகளையும், ஒரு பாதிரியாரையும், நீச்சலுடையில் இருந்த ஒரு நீதிபதியையும் மணலிலிருந்து கிளப்பியிருக்கிறான்.

"டேய், அதை எழுப்பு" என்றாள் நோஹேயா.

"எழுப்பக் கூடாதுக்கா. ராத்திரியெல்லாம் மீன் பிடிச்சுக் களைச்சு வந்திருக்கு."

"நானும் மூணு நாளா தூங்கல. என்னைச் சுத்தி யாராவது கயிறு கட்டினாங்களா?"

இதற்குத் தொண்டர் கையேட்டில் பதில் இல்லை. மகோவா காரிலிருந்து கம்புகளை எடுத்துவந்து அளக்க ஆரம்பித்தான். ஐம்பது அடிக்கு இருபது தப்படி. இருபதுதான் வைத்தான். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு தப்படியும் ஒரு சாண் குறைந்திருந்தது. கயிறு கேக் மேசையை உரசிக்கொண்டு போயிற்று, கேக் வெளியே. நோஹேயா பெருமூச்சு விட்டுக் கேக்கை நோக்கிக் கை நீட்டினாள்.

"கொஞ்சம் இரும்மா."

நோரீன் ஆன்ட்டி. நல்ல இடம் பிடிப்பதற்காக எந்த விருந்துக்கும் இரண்டு மணி நேரம் முன்பே மடக்கு நாற்காலியோடு வந்துவிடுகிறவர்.

"தப்படி சின்னதாயிடுச்சே மகோவா. கால்ல சுளுக்கா?"

"இல்ல ஆன்ட்டி."

"போன வருஷம் எங்க மாமா ரிட்டயர் ஆன விருந்துல கடல்நாய் வந்து படுத்தப்போ நீ அளந்ததை நான் பார்த்தேன். ஒவ்வொண்ணும் வாய்க்கால் தாண்டற மாதிரி. என் ஐஸ் பெட்டி உள்ள மாட்டிக்கிச்சு. பன்னெண்டு கிலோ சூரை மீன். ஒரே நிமிஷம் தம்பி, எடுத்துக்கறேன்னு கெஞ்சினேன். நீ என்ன சொன்னே?"

மகோவா மணலைப் பார்த்தான். "கடல்நாய்க்கு யார் வீட்டு விசேஷம்னு தெரியாது ஆன்ட்டின்னேன்."

"அழகா சொன்னே. சாயங்காலம் பெட்டியைத் திறந்தப்போ வந்த நாத்தத்துல மாமா ரிட்டயர் ஆனதே அவருக்கு மறந்துபோச்சு."

மகோவா அக்காவைப் பார்த்தான். கேக்கைப் பார்த்தான். மோமோனா குறட்டை விட்டது. இன்றைக்கு இந்தக் கேக்கை வெளியே விட்டுவிட்டால் நாளைக்கு எந்த யோகா வகுப்பு அவன் பேச்சைக் கேட்கும்? கேட்கிற மாதிரி அவனால்தான் பேச முடியுமா?

கம்பைப் பிடுங்கினான். முதலிலிருந்து அளந்தான், வாய்க்கால் தாண்டுகிற தப்படியாக. கேக் கயிற்றுக்கு உள்ளே போயிற்று. நோஹேயாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

"இனிமே நீ எனக்குத் தம்பி இல்ல."

"சரிக்கா."

"கிட்ட நின்னு சொல்லாதே. அம்பது அடி தள்ளி நின்னு சொல்லு."

விருந்து நடந்தது. சாதாரணமாக அந்தக் குடும்பத்தில் உப்பு கேட்டாலே பக்கத்து ஊருக்குக் கேட்கும். அன்றைக்கு இருநூறு பேரும் கிசுகிசுத்தார்கள். உகுலேலே என்கிற குட்டி கிட்டாரை வாசித்தவர் தந்தியைத் தொடுவதுபோல நடித்தார். வந்தவர்கள் எல்லாரும் கயிற்றோரம் நின்று முதலில் கடல்நாயையும் பிறகு கேக்கையும் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறந்தநாள் பாட்டைக்கூட மூச்சுக்காற்றில்தான் பாடினார்கள். பிறந்தநாள் குழந்தை இந்த அவமானத்தைப் பொறுக்காமல் வீறிட்டது.

மோமோனா தலையைத் தூக்கியது. குழந்தையைப் பார்த்தது, கேக்கைப் பார்த்தது, ஒரு தும்மல் போட்டது, மறுபடி தூங்கிவிட்டது. இருநூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நோஹேயா மட்டும் குலுங்கவில்லை.

நாலு மணிக்குத்தான் அது புரண்டு, உருண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கடலில் இறங்கியது. அதற்குள் நாலடுக்குக் கேக் வெயிலில் இரண்டரை அடுக்காகி, கடல் பக்கம் சாய்ந்து, மேலெல்லாம் மணல் பூத்திருந்தது.

நோஹேயா கத்தியை எடுத்து வெட்டினாள். முதல் துண்டு நோரீன் ஆன்ட்டிக்கு. ஆன்ட்டி மென்றார். நறநறவென்ற சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டது.

"எப்படி இருக்கு ஆன்ட்டி?"

"என் சூரை மீனுக்கு எவ்வளவோ தேவலை" என்று தட்டை நீட்டினார். "இன்னொண்ணு வை."

நோஹேயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பியவள், இருப்பதிலேயே அதிக மணல் ஒட்டிய துண்டாகப் பார்த்து வெட்டி, கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்த மகோவாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அக்கா, நான் இப்போ தம்பிதானே?"

"முதல்ல முழுங்கு. அப்புறம் பார்க்கலாம்."