ஒரு ரிங் மட்டும்

என் வேலை ஊருக்கு நிறம் பூசுவது. அப்படித்தான் நான் நினைத்துக்கொள்வேன். காரின் பின்சீட்டில் மடியில் லேப்டாப், பக்கத்தில் வரிசையாக டெஸ்ட் போன்கள். விஜயகுமார் அண்ணன் ஓட்ட ஓட்ட, போன்கள் தாமாகவே அழைக்கும், தாமாகவே வைக்கும். சிக்னல் நன்றாக இருக்கும் தெரு மேப்பில் பச்சையாகும், சுமாரென்றால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு பச்சையாக விரியும். சிப்காட் தாண்டினால் மஞ்சள். சிதம்பரத்துக்கு அப்பால் கீரப்பாளையம் வயல்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு ஓடும். ஜன்னலுக்கு வெளியே காற்று சும்மா இருப்பதுபோல்தான் தெரியும். அதில் எத்தனை பேர் குரல் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்குக் கண் சொக்கும். தூங்குகிறாயா, வேலை பார்க்கிறாயா என்று அண்ணன் கேட்பார். இரண்டும்தான்.

இன்ஜினியரிங் முடித்து, டவர்களைச் சரிபார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஆபீஸ் சிதம்பரத்தில். வீடு கடலூருக்குப் பக்கத்து மீனவர் குப்பத்தில். காரில் ஊர் சுற்றுவதற்குச் சம்பளம் தருவார்கள் என்பதை அம்மா இன்னும் நம்பவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை. நான் தனியாக எழுதும் முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு என்று மேனேஜர் ஜான்சி மேடம் சொல்லியிருந்தார். எத்தனையோ டவர் இருக்க, எங்கள் குப்பத்து டவர்தான் என் தலையில் வந்து விடிந்தது.

அதில் கடலைப் பார்த்த ஆன்டெனா ஒன்று. அதன் சிக்னல் தண்ணீருக்கு மேல் தடையில்லாமல் ஓடி, தெற்கே கரையோரத்து டவர்களைத் தொந்தரவு செய்கிறது. ஆன்டெனாவைக் கொஞ்சம் குனிய வைத்தால் போதும். ஆபீஸில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம், செலவில்லை. அப்படி ஒரு வரி எழுதினால் என் வேலையும் நிலைத்துவிடும். ஆனால் அது குனிந்தால் அப்பாவுக்குக் கடலில் சிக்னல் கிடைக்காது.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. போட் திரும்பும்போது, டவர் கிடைத்ததும் வீட்டுக்கு ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். ரிங் நின்றுவிட்டால் எல்லோரும் சுகம். அம்மா உலை வைத்துவிட்டுக் கூடையோடு கரைக்குப் போவாள். நிற்காமல் அடித்தால்தான் எடுக்க வேண்டும். போன வருஷம் இளவரசு மாமாவின் போட்டில் தண்ணீர் ஏறியபோது அப்படி அடித்தது. உடனே இன்னொரு போட் போய் மாமாவை ஏற்றிவந்தது.

மேடத்திடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மேப்பைத் திருப்பிக் காட்டினார். நிறமெல்லாம் கரையோடு நின்றிருந்தது. அதற்குக் கிழக்கே வெறும் வெள்ளை.

"கடல்ல நம்ம கார் போவாது கனிமொழி. டேட்டா இல்லாத எடத்துல ஆளே இல்லன்னுதான் மேல நெனைப்பாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆள் இல்லையாம். அந்த வெள்ளையில்தான் என் அப்பா தினமும் இருக்கிறார்.

எங்கள் பக்கம் பெண்கள் போட்டில் ஏறும் வழக்கமில்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று, மேடத்திடம் அனுமதி வாங்கி, டெஸ்ட் போன்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அதுவே அழைக்கும், அதுவே வைக்கும், தொடவே கூடாது என்றேன். அவர் வரும்வரை, வெள்ளைக் கடலில் ஒரு நிறக்கோடு மெல்ல ஊர்ந்து போவதைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டப்பா வந்ததும் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். அத்தனை அழைப்பும் ஒரே ரிங்கில் அறுந்திருந்தது. எல்லாம் தோல்வி என்றது சாப்ட்வேர். தொட்டாயா என்று அப்பாவைக் கேட்டேன்.

"மணி அடிச்சிக்கினே இருந்துச்சு பாப்பா. அந்தாண்ட வூட்டுல யாராச்சும் பயந்துடப் போறாங்களேன்னு ஒவ்வொண்ணா கட் பண்ணேன்."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அந்தாண்ட இருந்தது வெறும் மெஷின். அது பயந்துவிடக் கூடாதென்று, வலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கட் பண்ணியிருக்கிறார். சிரித்துக்கொண்டே அழுதேன்.

நல்லவேளை, சிக்னலின் பலத்தை அவரால் கட் பண்ண முடியவில்லை. அது தன்பாட்டுக்குப் பதிவாகியிருந்தது. வெள்ளைக் கடலுக்குள் பச்சையாக ஒரு கோடு போய், மஞ்சளாகி, வெகுதூரத்தில் சிவந்து, அங்கேயிருந்து வளைந்து வீடு திரும்பியிருந்தது. அப்பா தினமும் போகும் வழியை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குனிய வைக்க வேண்டாம், தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே திருப்பினால் தொந்தரவும் தீரும், கடலிலும் சிக்னல் நிற்கும் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். அதற்கு ஆள் டவரில் ஏற வேண்டும், செலவு. மேடம் படித்துவிட்டு, ஏன் இத்தனை கால் கட் ஆகியிருக்கிறது என்று கேட்டார். மறைக்காமல் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எடுக்காமலே சேதி எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார். ரிங் நின்றுவிட்டாலே நல்ல சேதிதான் என்றேன்.

"மேல பேசிட்டு சொல்றேன். ஒத்துக்கலன்னா உன் வேலைக்கும் ஆபத்துதான், பாத்துக்க."

அடுத்த சில நாட்கள் எனக்கு எந்த நிறமும் சரியாகக் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு அம்மா அப்பாவின் ரிங்குக்குக் காத்திருந்தாள். நான் மேடத்தின் பதிலுக்கு. வெளியே வெயிலில் கடல் அரைத் தூக்கத்தில் கிடந்தது. அம்மாவின் போன் அடித்து நின்றது. அவள் உலை வைத்துவிட்டுக் கூடையை எடுத்தாள்.

அப்போது என் போன் அடித்தது. ஜான்சி மேடம். பதறிப்போய்க் கையை நீட்டினேன். அதற்குள் நின்றுவிட்டது. ஒரு ரிங்தான்.

"யாரு? எடுக்கலியா?" என்றாள் அம்மா.

"மேடம்தாம்மா. ஒரு ரிங் வுட்டு கட் பண்ணிட்டாங்க."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப சரி. வா, அப்பாகிட்ட சொல்லலாம்."

நான் திருப்பிக் கூப்பிடவில்லை. கூடையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தேன்.