மூச்சுக்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி

மறுநாள் நடத்தவேண்டிய பாடத்தை வேல்விழி அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாத்தியார் வேலை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"திமிங்கலம், டால்பின், கடற்பன்றி, இதெல்லாம் மீன் கிடையாது. நம்மள மாதிரி பாலூட்டி. குட்டி போட்டுப் பால் குடுக்கும். மூச்சு விட மேல வந்துதான் ஆகணும்."

அம்மா மாரிச்செல்விக்கு அதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. அப்பா பிச்சைமணி மனைவியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பக்கவாதம் அவருடைய ஒரு பக்கத்தையும் பேச்சையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. விட்டுவைத்தது ஒரே ஒரு சொல்லை.

"தண்ணி."

கஞ்சியும் தண்ணீரும் மூக்குக் குழாய் வழியாகத்தான். வாயில் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்று தென்காசி ஆஸ்பத்திரி நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். சாரல் விழுந்துவிட்டால் வீட்டில் குளிக்காத மனுஷன் அவர். ஐந்தருவியில் நின்று, அண்ணாந்து வாய் நிறையக் குடித்துவிட்டுத்தான் வெளியே வருவார். அவருக்குப் போய் இந்தத் தண்டனை.

மாரிச்செல்வி ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். அவர் அதைக் கடித்து உறிஞ்சப் பார்த்தார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய கை அவளுக்கே பிடிக்கவில்லை.

"டால்பினுக்கு மூக்கு உச்சந்தலையில இருக்கு. மூச்சுப் போற வழி தனி, இரை போற வழி தனி. அதனால கடலுக்குள்ள வாயத் தொறந்தாலும் நெஞ்சுக்குள்ள தண்ணி போகாது."

"ஏட்டி, அத இன்னொரு தரம் சொல்லு."

வேல்விழி சொன்னாள்.

"அப்ப நமக்கு?"

"நமக்கு ரெண்டு வழியும் தொண்டையில ஒண்ணா சேருதும்மா. முழுங்கும்போது மூச்சுக்குழாய மூட ஒரு மூடி இருக்கு. அப்பாவுக்கு அது சரியா மூட மாட்டேங்கு."

"கடல்ல கெடக்கத பாத்துப் பாத்துப் படைச்சிருக்கான். இந்த மனுசனுக்கு ஒரு வழி தனியா வைக்க அந்தச் சாமிக்குக் கை வரலியோ?" என்று மாரிச்செல்வி ஓவென்று அழுதாள். வேல்விழி புத்தகத்தை மூடிவிட்டாள்.

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனபிறகு, மாரிச்செல்வி மனசு கேட்காமல் ஒரு கரண்டித் தண்ணீரை அவர் உதடு வரைக்கும் கொண்டுபோனாள். ஆவென்று வாய் திறந்தது. கரண்டியைத் தரையில் கவிழ்த்துவிட்டாள்.

"நல்லாயிட்டு எந்திரிங்க. அருவிக்கே கூட்டிட்டுப் போறேன்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லும் வரவில்லை. ஆடி பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார்.

பங்காளிகள் சிற்றாற்றுக்குப் போய், அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தார்கள். அருவியில் விழுந்து வந்த தண்ணீர்தான். முற்றத்தில் உட்காரவைத்துத் தலையில் குடம் குடமாக ஊற்றினார்கள். தண்ணீர் முகத்தில் வழிந்து, திறந்திருந்த வாய்க்குள் இறங்கியது.

"ஏய், வாய்க்குள்ள போகுது! வாயப் பொத்துங்க!" மாரிச்செல்வி பதறிக்கொண்டு ஓடிவந்து அவர் வாயைக் கையால் பொத்தினாள்.

ஊற்றியவர்கள் குடத்தோடு அப்படியே நின்றார்கள். வேல்விழி வந்து அம்மாவின் கையை மெதுவாக விலக்கினாள்.

"இனிமே தண்ணி அப்பாவ ஒண்ணும் செய்யாதும்மா."

மாரிச்செல்வி குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி, சிந்தாமல் அவர் வாயில் விட்டாள்.

"குடிங்க" என்றாள்.