ருசி பார்க்க ஒரு கட்டு

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம், செங்கல்பட்டில் தரிசாகக் கிடந்த தன் நிலத்தைக் கீரை விற்கும் கயலுக்குப் பயிர் செய்யக் கொடுத்தபோது, “மகளுக்கு எதுக்கும்மா குத்தகைப் பத்திரம்?” என்றார். அந்தச் சொல்லில் உருகிப்போனவள் பத்திரப் பேச்சையே விட்டுவிட்டாள். தழையும் சாணமுமாகப் போட்டு மண்ணைத் தேற்றினாள்.

இன்று கீரையோடு கடைக்கு வந்தபோது புதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“நம்ம நிலத்த இவருதான் வாங்குதாரு. பண்ணைவீடு கட்டணுமாம். மண்ணு பொன்னுன்னா நம்பமாட்டேங்காரு. ஒரு கட்டு குடும்மா, ருசி பாக்கட்டும்.”

“அப்போ நான்?”

“ஒனக்கென்ன, கைராசிக்காரி! வேற தரிசு பாத்துத் தாரேன்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. கூடையை இறக்காமலே ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் இறங்கி நடந்தாள்.