இடது சக்கரம்

விடியுமுன்பே தெரு அழுகல் வாடையில் கிடந்தது. சின்னக்கா குப்பைத் தொட்டியின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை நெட்டையன் பிடித்தான். "தூக்கு" என்றதும் இருவரும் மூச்சடக்கித் தூக்கினார்கள். இரவு மழையில் ஊறிய குப்பை பிணமாய்க் கனத்தது. லாரிக்குள் கவிழ்த்தபோது கறுப்புத் தண்ணீர் கை வழியே இறங்கி அக்குள்வரை நனைத்தது.

"மணக்க மணக்கக் குளிச்சாச்சு. இன்னைக்கு எம் பொண்டாட்டி என்னைப் பக்கத்துல சேக்க மாட்டா," என்றான் நெட்டையன்.

"நேத்து மட்டும் சேத்தாளாக்கும்?"

சிரித்தபடியே பின்படியில் தொற்றிக்கொண்டார்கள். அவன் இடப்பக்கம், அவள் வலப்பக்கம்.

வண்டி நகர்ந்ததும் முன்சக்கரத்திலிருந்து ஓர் உறுமல் கிளம்பிற்று. ஓட்டியவன் அவளுடைய கொழுந்தன். நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங்கை வலப்பக்கமாக இழுத்துப் பிடித்தே ஓட்டினான். பிடி தளர்ந்தால் போதும், வண்டி சண்டி மாடு போல இடப்பக்கம் ஒதுங்கியது.

முந்தின நாள்தான் ஷெட்டில் மெக்கானிக் இதைப் பார்த்திருந்தான். காற்றைச் சரிபார்த்தான். முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டான். அப்போதும் வண்டி இடப்பக்கமே இழுத்தது. "டயர் மேல பழி இல்ல," என்று சொல்லிவிட்டு, தானே ஓட்டிப் பார்த்தான். வலப்பக்கம் திருப்பினால் உறுமல் இரண்டு பங்காயிற்று.

"வலது திரும்பறப்ப பாரமெல்லாம் இடது சக்கரத்துல ஏறுது. அதான் கத்துது."

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினான். கிழவன் பல்லாக ஆடியது. சக்கரத்தின் நடுக்குடத்தில் தண்ணீர் தெளித்தான். சுரீரென்று ஆவி எழும்பியது.

லாரிகளின் முதலாளியும் அங்கேதான் நின்றிருந்தான். "கிரீஸ அப்பி அனுப்பு."

"கிரீஸுக்கு நிக்காது மொதலாளி. உள்ள பேரிங் தேஞ்சுபோச்சு. ஓடறப்பவே சக்கரம் இறுகிக்கும். இல்ல, கழண்டுக்கும்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ஓட்டத் தெரியாதவன் பேச்சக் கேட்டு நீயும் ஆடுறியா?"

கொழுந்தன் சாவியை நீட்டினான். "அப்ப வேற ஆள வெச்சு ஓட்டிக்கங்க."

"குடுத்துட்டுப் போ. வெளிய உன்ன மாதிரி நூறு பேரு நிக்கிறான்."

நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது. வயிற்றுக்குப் பயந்து அவன் இன்று வண்டியை எடுத்திருந்தான்.

சந்தை மதிலை ஒட்டிய சரிவில் வண்டி இறங்கும்போது அது நடந்தது. இரும்பை இரும்பு கடிக்கும் அலறல். முன்சக்கரம் அப்படியே இறுகிப் பூட்டிக்கொண்டது. லாரி இடப்பக்கம் பாய்ந்தது. கல்மதில் எதிரே எழுந்து வருவதைச் சின்னக்கா பார்த்தாள்.

"நெட்டை, குதி!"

அவன் ஒரு கையை விட்டான். மறு கையை விடுமுன் மதில் வந்துவிட்டது. லாரியின் பக்கத் தகடு கல்லில் உரசி நெருப்புக் கக்கியது. அந்த இடுக்கில் அவன் இருந்தான். கத்தக்கூட இல்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் மட்டும் இரைச்சலுக்கு நடுவே அவள் காதில் விழுந்தது.

தெருக்காரர்கள் கூடி வண்டியை மதிலை விட்டுத் தள்ளியபோது, இறங்கி ஓடிவந்து தாங்கிய அவள் மடிமேல் அவன் சரிந்தான். மூக்கிலும் வாயிலும் ரத்தம். கண்கள் திறந்தே இருந்தன. அவற்றை மூடிவிட்டு அவள் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் மதிலில் தலையை மோதி மோதி அழுதான்.

ஆம்புலன்ஸ் உடலை எடுத்துப் போன தடத்தில் முதலாளி வந்தான். கூடவே இழுவை வண்டி, மெக்கானிக், இரும்புக் கம்பியோடு நாலு அடியாட்கள். மதிலில் வழிந்த ரத்தத்தை அவன் பார்க்கவில்லை. நேரே இடது சக்கரத்தைப் பார்த்தான். பிறகு ஊர் கேட்கக் கத்தினான்:

"குடிச்சிட்டு ஓட்டி ஒரு உசுர வாங்கிட்டானே பாவி!" மெக்கானிக்கிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினான். "சங்கிலிய மாட்டு."

மெக்கானிக் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்: "வண்டிய சோதிக்கிற அதிகாரி இன்னும் வந்து பாக்கல. அதுக்குள்ள ஷெட்டுக்குப் போனா, மத்தியானமே இந்தச் சக்கரத்துல புது பேரிங் இருக்கும். அதுக்குத்தானே மொதலாளி?"

சின்னக்கா எழுந்தாள். நடந்துபோய் இடது சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். இரும்பின் சூடு முதுகைச் சுட்டது.

"எந்திரி."

"அவன் இந்தச் சக்கரத்தாலதான் செத்தான். பாக்க வேண்டியவங்க பாக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"இழுத்துப் போடுங்கடா அவள!"

முதல் கம்பி அவள் முன்கையில் இறங்கியது. விறகு முறிகிற சத்தம். கண் இருட்டியது, ஆனால் முதுகு நகரவில்லை. "அண்ணி!" என்று பாய்ந்த கொழுந்தனை வாயோடு அறைந்தார்கள்; அவன் பல்லும் ரத்தமுமாய்த் துப்பிக்கொண்டே அடித்தவன் காலைக் கட்டிப்பிடித்தான். மெக்கானிக் சங்கிலியைச் சுழற்றி வீசினான். ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான். மற்றவர்கள் மெக்கானிக்கைக் கீழே தள்ளி மிதித்தார்கள்.

அப்போதுதான் முதலாளியின் மற்றக் குப்பை லாரிகள் அந்தச் சரிவில் இறங்கின. முதல் லாரியை ஓட்டி வந்தவனைப் பீரங்கி என்பார்கள், தொண்டை அப்படி. நடுத்தெருவில் நிறுத்தி ஒரு கணம் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தைத் தூக்கி, இழுவை வண்டியின் மூக்குக்கு முன்னால் மொத்தக் குப்பையையும் கொட்டினான். அடுத்து வந்தவன் அதன் பின்பக்கம் கொட்டினான். மண்வாரியும் முள்வாரியுமாக ஆட்கள் குதித்து இறங்கினார்கள். கம்பி பிடித்த கைகள் தாழ்ந்தன. அடியாட்கள் சகதியில் வழுக்கி வழுக்கிப் பின்வாங்கினார்கள்.

"எவன்டா கொட்டினது? எல்லாரையும் வேலைய விட்டுத் தூக்கிருவேன்!"

"தூக்குங்க மொதலாளி," என்றான் பீரங்கி. "அப்படியே இந்தக் குப்பையையும் நீங்களே தூக்குங்க."

யாரோ சிரித்தார்கள். பீரங்கி சிரிக்கவில்லை. "என் வண்டிக்குப் பாதி பிரேக்குதான் பிடிக்குது. எத்தன தடவ சொல்லியிருப்பேன்? இன்னைக்கு நெட்டையன். நாளைக்கு என் வண்டியில தொங்கறவன். எல்லா வண்டியையும் அதிகாரி பாக்கணும். அதுவரைக்கும் ஒரு வண்டியும் நகராது."

ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக எஞ்சினை அணைத்தார்கள். அணைந்த ஒவ்வொரு எஞ்சினுக்கும் தெரு இன்னும் அமைதியாயிற்று. முதலாளி ஓரமாய்ப் போய் போனில் யார் யாரையோ கூப்பிட்டான்.

தகவல் கேட்டு நெட்டையனின் மனைவி வந்தாள். மதிலின் முன் நின்றாள்; கறையில் உள்ளங்கையை வைத்தாள்.

"தங்கச்சி," என்று முதலாளி குழைந்தான். "ஆகவேண்டியத நான் பாத்துக்கறேன். இவங்கள வழிவிடச் சொல்லும்மா."

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. குப்பைமேட்டில் முழங்கால் புதைய ஏறி, மறுபக்கம் இறங்கி, சின்னக்காவிடம் வந்தாள். வீங்கித் தொங்கிய கையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா," என்றாள். "சக்கரத்துல நானும் சாஞ்சுக்கறேன்."

தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. வருவது அதிகாரியா, முதலாளி போனில் கூப்பிட்ட ஆட்களா என்று அங்கே யாருக்கும் தெரியாது. மெக்கானிக் நொண்டி நொண்டி வந்து அவர்கள் அருகில் உட்கார்ந்தான். கொழுந்தன் உட்கார்ந்தான். பீரங்கி உட்கார்ந்தான். பிறகு மண்வாரிகளை மடியில் கிடத்திக்கொண்டு, தோளோடு தோள் இடித்து, எல்லோரும் லாரியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.