ஐந்தருவியில் பெண்கள் பக்கம்

எங்க வீட்டுக்காரவுக தேவா, தென்காசியில காலேஜ் வாத்தியாரு. கூட வேல பாக்குத ஆனந்தவள்ளியோட சேந்து திருவனந்தபுரத்து லேபுல ஆராய்ச்சிக்காக மூணு மாசம் இருக்கணுமாம். "நீ சம்மதிச்சாத்தான் போவேன்"னு சொல்லிட்டாவ. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது.

"குத்தாலத்துல சாரல் நல்லா இருக்கு, அவளையும் கூட்டிட்டு வாங்க"ன்னு நாந்தான் சொன்னேன். ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுப் பாத்தா தெரிஞ்சிராதா? ஆனா ஐந்தருவியில ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம்லா? புத்திகெட்ட மூதி, அத மறந்துட்டேன். அவுக அங்கன போயிட்டாவ. நானும் அவளும் இங்கன வரிசையில நின்னோம். சண்டாளி, நனஞ்சாலும் அழகாத்தான் இருந்தா.

"பொழுதன்னைக்கும் ரெண்டு பேரும் என்னத்தத்தான் பேசுவிய?"ன்னு கேட்டேன்.

"டி.என்.ஏ.வுல கெட்டுப்போன எடத்த ரிப்பேர் என்சைம் எப்படிக் கண்டுபிடிக்குன்னுதான்க்கா."

அதுக்குக் கண்ணு கிடையாதாம். டி.என்.ஏ. இழையில ஒட்டிக்கிட்டு முன்னயும் பின்னயும் வழுக்கிக்கிட்டே போகுமாம். அதுல கோத்திருக்க எழுத்த ஒவ்வொண்ணா நெம்பிப் பாக்குமாம். நல்ல எழுத்து லேசுல அசையாது. கெட்டது பிடி தளர்ந்து வெளிய பொரண்டு வந்துருமாம். ஒடனே அத வெட்டி எடுத்துரும். எனக்குச் சுருக்குன்னுச்சு. அவுக போனு, சட்டப் பை, யாரு கூப்பிட்டா, எவ சிரிச்சா, எல்லாத்தையும் நானும் நெம்பித்தானே பாக்கேன்?

"ஒண்ணும் அகப்படலன்னா?"

"அடுத்த எடத்துக்குப் போயிரும். ஆனா அந்த என்சைம் அளவுக்கு மீறிப் போச்சுன்னா வம்பு. நல்ல எழுத்தையும் வெட்டிப் போட்டுரும்க்கா."

தண்ணி தலையில தொம்முன்னு விழுந்துச்சு. "வழுக்கும்க்கா"ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. உதற மனசு வரல. சரி, லேபுக்குப் போயிட்டு வாங்கன்னு அவுககிட்டச் சொல்லிருவோம்னு முடிவு பண்ணினேன்.

அவ உடுப்பு மாத்தப் போன நேரத்துல அவுக வந்தாவ. தலகூடத் துவட்டல, கையில போனு. நான் வாயத் தெறக்குமுன்ன, "நிர்மலா, நான் லேபுக்குப் போகல. இப்பத்தான் பிரின்சிபலுக்கு மெசேஜ் போட்டேன். நீ நிம்மதியா இருந்தாப் போதும்"னாவ.

எத்தன வருசமா ஆசப்பட்ட வேல! முகம் சுண்டிப் போயிருந்துச்சு. பாவமா இருந்துச்சு எனக்கு. கையப் பிடிச்சு, போயிட்டு வாங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஒண்ணுமே இல்லன்னா ஏன் வெலகுதிய?"ன்னு கேட்டுட்டேன்.